எலிகள் என்று எழுதிய கைகள்

1975-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள், 24-ஆம் நாள். தென் அமெரிக்காவிலே சிலி என்றொரு நாடு. வரைபடத்திலே பார்த்தால் கடலோரமாய்க் கிழித்துப் போட்ட நாடாத் துணி போலத் தெரியும். அதன் தலைநகர் சாந்தியாகோவில் அன்று மாலை வெளிவந்த 'லா செகுந்தா' என்னும் ஏடு, முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பைத் தாங்கி வந்தது: "எலிகளைப் போல் ஒழிக்கப்பட்டனர்!"

யார் அந்த எலிகள்? மாணவர்கள், தொழிலாளர்கள், படித்த இளைஞர்கள், பெண்கள். பெரும்பாலோர் 'மிர்' என்னும் இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். மொத்தம் 119 பேர். ஓராண்டு காலமாக அவர்களை வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் அள்ளிச் சென்றவர்கள், ராணுவ சர்க்காரின் ரகசியப் போலீசார். 'தினா' என்பது அந்தப் படையின் பெயர். பெற்ற தாய்மார் சிறைவாசல்தோறும் நின்றனர். நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டனர். "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவே இல்லை" என்றது சர்க்கார். "ஆம், பிடிக்கவில்லையாம்" என்று மனுவைத் தள்ளிற்று நீதிமன்றம்.

அந்த வேளையிலே அர்ஜென்டினாவின் தலைநகரிலிருந்து 'லேயா' என்றொரு ஏடு 60 பெயர்கள் கொண்ட பட்டியலைப் போட்டது. பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரிலிருந்து 'ஓ தியா' என்றொரு ஏடு 59 பெயர்களைப் போட்டது. இவர்கள் எல்லோரும் வெளிநாட்டுக்கு ஓடிப்போய்த் தமக்குள் அடித்துக்கொண்டும், அங்குள்ள படைகளோடு மோதியும் செத்தார்கள் என்பது செய்தி. சிலியின் பெரிய ஏடுகள் அத்தனையும் அதை அப்படியே எடுத்துப் போட்டன. மகனைத் தேடி அலைந்த தாய், கடைத்தெருவிலே தொங்கிய மாலை ஏட்டில், தன் மகன் எலியாகிச் செத்தான் என்று படித்தாள்.

அத்தனையும் பொய்! 'லேயா' என்ற அந்த ஏடு அந்த ஓர் இதழுக்காகவே பிறந்து, அந்த ஓர் இதழோடே செத்துப்போன ஏடு. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரகசியப் போலீசார் தாம் செய்த கொலைகளை மறைக்க அயல்நாட்டிலே நட்டு வைத்த சோளக்கொல்லைப் பொம்மை அது. 119 பேரும் சிலி நாட்டுப் போலீசாரால் பிடிக்கப்பட்டு மறைந்தவர்களே என்பதை, சர்வாதிகாரம் விலகிய பின் அமைக்கப்பட்ட உண்மை அறியும் ஆணையம் 1991-இல் எழுதி வைத்தது.

நாம் கேட்பது பெரிய கேள்வி அல்ல. அந்தத் தலைப்பைப் போட்ட ஆசிரியர் குழுவிலே ஒருவருக்காவது, "லேயா என்கிறார்களே, அது யார் நடத்தும் ஏடு? எங்கே அதன் அலுவலகம்? நேற்றைய இதழ் எங்கே?" என்று கேட்கத் தோன்றவில்லையா? துப்பாக்கிக்கு நேரே மார்பைக் காட்டச் சொல்லவில்லை நாம். செய்தித் தொழிலில் நேற்றுச் சேர்ந்த பையன் கேட்கும் கேள்வி அது. அண்டை நாட்டுக்கு ஒரு தொலைபேசி போட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் விடை கிடைத்துவிடுமே என்பதால் கேட்கவில்லை.

"பயமய்யா, பயம்! உங்களுக்கென்ன, வெகு தொலைவிலே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்" என்று சொல்வோர் உண்டு. பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. சிலியிலே பயப்படக் காரணம் இருந்தது.

1973-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-இல், மக்கள் வாக்களித்து அமர்த்திய குடியரசுத் தலைவர் அயெந்தேயின் மாளிகை மீது விமானத்திலிருந்து குண்டு போட்டது ராணுவம். தளபதி பினோசே தலைமையில் ஒரு குழு ஆட்சியைப் பறித்துக்கொண்டது. இடதுசாரி வானொலி நிலையங்களின் கோபுரங்களை விமானங்கள் தாக்கின. கடைசிவரை ஒலித்தது 'மகயானெஸ்' என்னும் நிலையம். அயெந்தே நாட்டு மக்களுக்குச் சொன்ன கடைசி வார்த்தைகளைக் காற்றிலே ஏற்றி அனுப்பியவர்கள் அதன் ஊழியர்கள். அடுத்து நம் கூரை மீது குண்டு விழும் என்று தெரிந்தே அவர்கள் பொறிகளை விட்டு எழாமல் இருந்தார்கள். மாளிகைக்குள்ளே தலைவரோடு இருந்த ஏட்டாளர் அவுகுஸ்தோ ஒலிவாரெஸ், அரசுத் தொலைக்காட்சியின் பொறுப்பில் இருந்தவர், சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அன்றே ராணுவம் ஓர் ஆணை போட்டது. 15-ஆம் எண் ஆணை. 'எல் மெர்க்கூரியோ', 'லா தெர்செரா' என்னும் இரண்டு ஏடுகள் மட்டும் வெளிவரலாம், மற்றவை வரக்கூடாது. 'எல் சிக்லோ', 'கிளாரின்', 'பூரோ சிலே', 'ஊல்திமா ஓரா' எல்லாம் அன்றோடு முடிந்தன. அச்சகங்கள் பூட்டப்பட்டன. எழுதியவர்கள் சிறையிலும், அயல்நாட்டிலும், மண்ணுக்கடியிலும் போய்ச் சேர்ந்தனர். இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மூடப்பட்ட இடதுசாரி ஏடுகள் எல்லாம் தங்கக்கட்டிகள் அல்ல. 'பூரோ சிலே'யும் 'கிளாரின்' ஏடும் எதிர்க்கட்சிக்காரரை ஏசிய ஏச்சு, நம் ஊர்க் குழாயடிச் சண்டையைத் தோற்கடிக்கும். அதற்காக அவற்றைப் புகழ நாம் வரவில்லை. ஆனால் ஏசியவனுக்கும், கொன்றதை மறைத்தவனுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் உண்டு.

சரி, பயம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவா? வெளிவர அனுமதிக்கப்பட்ட இரண்டு ஏடுகளில் ஒன்றான 'எல் மெர்க்கூரியோ', அகுஸ்தின் எட்வர்ட்ஸ் என்னும் பெருஞ்செல்வருடையது. எலித் தலைப்புப் போட்ட 'லா செகுந்தா'வும் அவருடையதே. அவர் பயந்தா பணிந்தார்? அயெந்தே தேர்தலிலே முதலிடம் பெற்றதும், 1970 செப்டம்பரில், பதவி ஏற்பதற்கு முன்னே, அமெரிக்கத் தலைநகருக்குப் பறந்து சென்று அந்நாட்டு உளவுத்துறைத் தலைவரையும், அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சரையும் கண்டு பேசியவர் அவர். அடுத்த சில ஆண்டுகளில் அவரது ஏட்டுக்கு அமெரிக்க உளவுத்துறை கொடுத்த பணம் 15 லட்சம் டாலர் என்று 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் குழுவே அறிக்கை போட்டது. நாம் சொல்லவில்லை, தோழர்களே. கொடுத்தவன் வீட்டுக் கணக்குப் புத்தகம் சொல்கிறது! பயந்து பணிந்தவனை மன்னிக்கலாமா என்று வாதாடலாம். பணம் வாங்கிக்கொண்டு வரவேற்றவனுக்கு அந்த வாதம் எப்படிப் பொருந்தும்?

நம் தோழர்களில் அச்சுத் தொழிலாளர் பலர் உண்டு. அவர்கள் கேட்கக்கூடும்: "அந்த எலித் தலைப்பை அச்சுக்கோத்த கம்பாசிட்டர் என்ன செய்திருக்க வேண்டும்? புரூப் திருத்தியவர் என்ன செய்திருக்க வேண்டும்? வண்டியிலே ஏற்றியவர்? தெருவிலே கூவி விற்ற பையன்?" நியாயமான கேள்வி. கூலிக்காரனுக்கு இதிலே பங்கே இல்லை என்று சொல்லித் தட்டிக்கொடுக்க நாம் தயாராக இல்லை. எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவனுக்கு, என்ன கோக்கிறோம் என்று தெரியாதா? ஆனால் குற்றத்திலும் படிகள் உண்டு. சம்பளப் பட்டியல் போல, மேலே போகப் போகத் தொகை ஏறும். வேலையை விட்டால் மறுநாள் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்தவன் ஒரு படியிலே. அயல்நாட்டு வங்கியிலே பணம் வைத்திருந்தவன் இன்னொரு படியிலே. "பிள்ளைகுட்டிக்காரன் ஐயா நான்" என்ற சொல், கம்பாசிட்டரின் வாயிலே வந்தால் கண்ணீர் வரும். பத்திரிகாசிரியரின் வாயிலே வந்தால் சிரிப்பு வரும். முதலாளியின் வாயிலே வந்தால்...? மறைந்துபோன 119 பேருக்கும் பிள்ளைகுட்டி இல்லாமலா போயிற்று?

இன்னொன்றையும் பாருங்கள். 1976 செப்டம்பரில் கடற்கரையிலே ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கிற்று. கழுத்திலே கம்பி. உடலெங்கும் சித்திரவதையின் அடையாளம். ஏடுகள் எழுதின: அழகிய இளம்பெண், காதல் தகராறிலே கொலை! வாசகர் சுவைத்துப் படிக்க வேண்டுமென்று வருணனை வேறு. உண்மையிலே அந்த அம்மையார் மார்த்தா உகார்த்தே, வயது 42, பள்ளி ஆசிரியை, கம்யூனிஸ்டு கட்சியிலே பொறுப்பு வகித்தவர். பிடித்துச் சென்று வதைத்துக் கொன்று, இரும்புத் தண்டவாளத் துண்டைக் கட்டி, ஹெலிகாப்டரிலிருந்து கடலிலே வீசினார்கள். கட்டு அவிழ்ந்தது; கடல் சாட்சி சொல்லிற்று. கடல் சொன்ன சாட்சியத்தையும் திரித்து எழுதினான் ஏட்டாளன்! உயிரைப் போலீசு எடுத்தது. மானத்தை எடுத்தது பத்திரிகை. எவரும் கட்டளையிட்டிருந்தாலும் "ஒரு பெண்ணின் உடல்" என்று இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கலாமே! அந்த வருணனைகளை எழுதச் சொல்லி யார் துப்பாக்கி காட்டினார்கள்?

எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்றால் நாம் இதை எழுதவே வேண்டியதில்லை; காலம் அப்படி என்று கதவைச் சாத்திவிடலாம். எல்லோரும் அப்படி இல்லை.

1978 நவம்பர் இறுதியில், லொங்கேன் என்னும் இடத்திலே பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குள் மனித எலும்புகள் கிடக்கின்றன என்று ஒருவர் பாதிரியாரிடம் வந்து சொன்னார். போலீசிடம் போனால் எலும்பும் மறையும், சொன்னவரும் மறைவார். கிறிஸ்தவ ஆலயத்தார் ஒரு குழுவைக் கூட்டினார்கள். ஆயர் ஒருவர், வழக்கறிஞர்கள், அவர்களோடு இரண்டு ஏட்டாளர்கள். ஒருவர் 'ஓய்' என்னும் எதிர்க்கட்சி வார ஏட்டின் ஆப்ரகாம் சாந்திபான்யெஸ். மற்றவரோ, சர்க்காரை ஆதரித்த 'கே பாசா' ஏட்டின் ஆசிரியர்! எதிர்ப்பவன் மட்டும் பார்த்தால் கட்டுக்கதை என்பார்கள், ஆதரிப்பவனும் பார்க்கட்டும் என்று அழைத்தார்கள், அவரும் வந்தார். வந்து, கண்ணால் கண்டார். பிறகு இல்லை என்று சொல்ல எவராலும் முடியவில்லை. அங்கே கிடந்தவர்கள் 15 பேர், குடியானவர்கள். ஒரு தந்தையும் நான்கு மகன்களும், இன்னொரு வீட்டிலே மூன்று அண்ணன் தம்பிகளும் அதிலே அடக்கம். 1973 அக்டோபரில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள்.

இந்த 'கே பாசா' ஆசிரியரைப் பற்றி நாம் சற்று நின்று நினைக்கிறோம். அவர் நம் கொள்கைக்காரர் அல்லர். ராணுவ ஆட்சியிலே நன்மை கண்டவர். ஆனாலும் காளவாய்க்குள் எட்டிப் பார்க்கச் சம்மதித்தார். 'லா செகுந்தா'வில் தலைப்புப் போட்டவர்களுக்கும் அவருக்கும் கட்சி வேற்றுமை இல்லை. இருந்த வேற்றுமை அந்த எட்டிப் பார்த்தல்தான்.

பிறகு எளிய ஏடுகள் எழுந்தன. 'ஆப்சி', 'அனாலிசிஸ்', 'காவுசே', 'ஓய்', 'போர்த்தின் மபோச்சோ' என்று. காகிதம் மட்டம், விளம்பரம் சொற்பம், ஆசிரியர் குழுவிலே எந்நேரமும் யாராவது ஒருவர் நீதிமன்றத்திலே. 1984 செப்டம்பரில் ராணுவம் ஒரு புது ஆணை போட்டது: இவற்றுள் பெரும்பாலான ஏடுகள் எழுதலாம், படம் போடக்கூடாது! கண்ணீர்ப்புகையும் தடியடியும் படமாய் வந்தால் மக்கள் நம்பிவிடுவார்களாம். என்ன செய்தார்கள் தெரியுமா? படம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றுக் கட்டமாய் விட்டு, அடியிலே படவிளக்கத்தை மட்டும் அச்சிட்டார்கள். வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தவன் படத்தைத் தானே வரைந்துகொண்டான். படம் போட்டிருந்தால்கூட அவ்வளவு பார்த்திருக்கமாட்டான்!

அதே 1984 ஆகஸ்டில், 'காவுசே' அலுவலகத்துக்குள் ஒருவன் நுழைந்தான். விமானப்படை உளவுப் பிரிவிலே சித்திரவதை செய்து பழகியவன், ஆந்திரெஸ் வலென்சுவேலா. மனம் கசந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட வந்தான். கேட்டவர் மோனிகா கொன்சாலெஸ் என்னும் பெண் ஏட்டாளர். அவன் சொன்ன பட்டியலிலே அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எப்படிச் செத்தார்கள் என்பதைக் கொன்ற கூட்டத்தான் வாயாலேயே கேட்டார். எழுந்து ஓடவில்லை, காறி உமிழவில்லை, எழுதிக்கொண்டார். மறுநாளே அச்சிட்டிருந்தால் ஏடு பறந்து விற்றிருக்கும். அவரோ, சொன்னவன் நாட்டைவிட்டுப் பத்திரமாய் வெளியேறும்வரை வாய் திறக்கவில்லை. கொலைகாரனேயானாலும் தன்னை நம்பிப் பேசியவனின் உயிர் தன் கையில் என்று எண்ணினார். நவம்பரில் முற்றுகை நிலை அறிவித்து அந்த ஏடுகளில் பெரும்பாலானவற்றைச் சர்க்கார் மூடிற்று. அந்தப் பேட்டி டிசம்பரில் வெனிசுவேலா நாட்டு ஏடொன்றில் வெளிவந்தது.

விலை கொடுக்காமல் முடிந்ததா? இல்லை. அந்த வாக்குமூலத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆலய மனித உரிமை அலுவலகத்தின் ஹோசே மனுவேல் பராதா, 1985 மார்ச்சில், இன்னும் இரு தோழர்களோடு கழுத்தறுபட்டுக் கிடந்தார். 1986 செப்டம்பர் 7-இல் பினோசே மீது தாக்குதல் நடந்து அவர் தப்பியதும், மறுநாள் விடியுமுன்னே, 'அனாலிசிஸ்' ஏட்டின் ஹோசே கராஸ்கோவை மனைவி மக்கள் கண்ணெதிரே இழுத்துச் சென்று, இடுகாட்டுச் சுவரோரம் சுட்டுத் தள்ளினார்கள். தாக்குதலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பழிக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பே சிறையிருந்து, நாடு கடந்து, வேண்டுமென்றே திரும்பி வந்து பேனா பிடித்தவர் அவர். அந்த ஏட்டின் ஆசிரியர் ஹுவான் பாப்லோ கார்தெனாஸுக்கு 1987-இல் விசித்திரமான தண்டனை: 541 நாள், இரவு மட்டும் சிறை! பகலெல்லாம் அலுவலகத்திலே சர்க்காரைத் தாக்கி எழுதிவிட்டு, மாலையிலே தானே நடந்து போய்ச் சிறைக்கதவைத் தட்டினார். காலையிலே வெளியே வந்து மறுபடி எழுதினார்.

1988 அக்டோபர் 5-இல், பினோசே இன்னும் எட்டாண்டு ஆளலாமா என்று மக்களைக் கேட்டார்கள். வேறு வேட்பாளரே கிடையாது. ஆம் அல்லது இல்லை. மக்கள் "இல்லை" என்றார்கள். 'போர்த்தின் மபோச்சோ' தலைப்புப் போட்டது: "தனியாக ஓடினார், இரண்டாவதாக வந்தார்!" எலித் தலைப்பும் தலைப்புத்தான், இதுவும் தலைப்புத்தான். பேனா ஒன்றே, பிடித்த கை வேறு.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மனம் குளிர்ந்திருக்கும். முடியவில்லை. 1990 மார்ச்சில் மக்களாட்சி வந்தது. ஏடுகளின் கதி என்ன? 1991-இல் 'போர்த்தின் மபோச்சோ' மூடப்பட்டது. 1993-இல் 'அனாலிசிஸ்'. 1995-இல் 'ஆப்சி'. 1998-இல் 'ஓய்'. சர்வாதிகாரியின் சிறையும் துப்பாக்கியும் சாகடிக்க முடியாத ஏடுகளை, விளம்பரம் இல்லாமை சாகடித்தது. பெருமுதலாளிகள் கொடுக்கவில்லை, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இந்த ஏடுகள் திறந்த வழியிலே நடந்து கோட்டைக்குள் போனவர்கள், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்தார்கள். சந்தை பார்த்துக்கொண்டது! 'எல் மெர்க்கூரியோ' தழைத்தது. கட்சிக்காரர்களாகிய நாம் இந்த இடத்தை அவசரமாய்க் கடந்துபோகக்கூடாது. எதிர்க்கட்சியாய் இருந்தபோது தோளில் தூக்கிய ஏட்டை, ஆளுங்கட்சியானதும் அது நம்மையும் கேள்வி கேட்குமே என்று மெல்ல இறக்கி வைக்கும் பழக்கம் சிலிக்கு மட்டும் சொந்தமானதல்ல. சந்தா கட்டாமல் ஓசியிலே படித்த தோழர்களுக்கும் அந்தச் சாவிலே பங்கு உண்டு, வருத்தப்பட்டுப் பயனில்லை.

பழைய சட்டமும் போகவில்லை. நீதிபதிகளைப் பற்றி அலெஹாந்திரா மாத்துஸ் என்னும் பெண் ஏட்டாளர் எழுதிய புத்தகத்தை, மக்களாட்சி வந்து ஒன்பது ஆண்டு கழிந்து, 1999-இல் போலீசு பறிமுதல் செய்தது. அவர் அமெரிக்காவுக்கு ஓடினார். 2001-இல்தான் அந்தச் சட்டப்பிரிவு நீங்கிற்று.

எலித் தலைப்புக்காரர்கள்? 2006-இல், 31 ஆண்டுகள் சென்று, ஏட்டாளர் சங்கத்தின் ஒழுக்க மன்றம் 119 பேர் வழக்கை விசாரித்தது. விசாரணை கேட்டவர்கள் மறைந்தோரின் குடும்பத்தினர். அன்றைய ஏடுகளின் பொறுப்பாளர்கள் தொழில் நெறியை மீறினார்கள் என்று மன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. சிறையில்லை, அபராதமில்லை, கண்டனமும், உறுப்பினர் பதவியிலிருந்து தற்காலிக நீக்கமுமே. "இவ்வளவுதானா?" என்று நம் தோழர் ஒருவர் கேட்டார். இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னது போலீசும் அல்ல, புது சர்க்காரும் அல்ல, சக ஏட்டாளர்கள். அரசு சிறையில் போட்டிருந்தால் அடுத்த அரசு நம்மையும் போடும். தொழிலாளி தன் சங்கத்திலே தன் சகாவை நிறுத்திக் கேட்டது வேறு வகை.

எட்வர்ட்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாமும் பாதி எழுதியவர்களாவோம். 1991 செப்டம்பரில் அவருடைய மகனை ஆயுதம் தாங்கிய இடதுசாரிக் குழுவினர் கடத்தினார்கள். ஏறக்குறைய ஐந்து திங்கள் ஓர் இருட்டறையிலே அடைத்து வைத்து, பணம் வாங்கிக்கொண்டு 1992 பிப்ரவரியில் விட்டார்கள். அது கொடுமை. எந்தக் கொள்கையின் பெயராலும் அதை நாம் நியாயம் என்று சொல்லமாட்டோம். மகன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாமல் ஒரு தந்தை விழித்துக்கிடந்த இரவுகள் அவை. அந்த இரவுகளில் ஏதேனும் ஒன்றிலாவது 1975 ஜூலை 24-ஆம் நாள் ஏடு அவர் நினைவுக்கு வந்ததா?

2015 ஏப்ரலில் ஏட்டாளர் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கிற்று. 2017 ஏப்ரலில் அவர் மறைந்தார். கராஸ்கோவைக் கொன்ற போலீசார் மீது வழக்கு நடந்து தண்டனை கிடைத்தது. கார்தெனாஸுக்கு 2005-இலும், மோனிகா கொன்சாலெஸுக்கு 2019-இலும் நாட்டின் உயர்ந்த பத்திரிகைப் பரிசு தரப்பட்டது. கார்தெனாஸ் பரிசு வாங்கிய நாளிலே அவருடைய 'அனாலிசிஸ்' மூடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'எல் மெர்க்கூரியோ' அன்று காலையும் வழக்கம்போல் வெளிவந்தது.